கட்டுக்கம்பி

பட்டனை அழுத்தியதும் பச்சை விளக்கு எரிந்தது, ஆனால் படகின் பின்பக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை, எஞ்சின் அதே அடங்கின குரலில் தண்ணீருக்குள் முனகிக்கொண்டிருந்தது. சூசைமாணிக்கம் மறுபடி அழுத்தினான், விளக்கு அணைந்தது. மறுபடி அழுத்தினான், எரிந்தது. எரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, பட்டனுக்குள் உப்பு ஏறியிருக்கிறது என்று எதையாவது சொல்லிக்கொண்டு அரைநாளை ஓட்டிவிடலாம். இந்தப் படகுக்கு இரண்டு குரல் உண்டு. புகை தண்ணீருக்கு அடியில் போனால் ஒரு குரல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனோடு சாதாரணமாகப் பேசலாம். பட்டனைத் தட்டினால் ஒரு சின்ன மோட்டார் ஒரு லிவரை இழுக்கும், லிவர் இரண்டு குழாய்க்குள்ளும் இருக்கிற தகடுகளைத் திருப்பும், புகை பின்பலகையில் இருக்கிற இரண்டு வாய் வழியாக நேரே வெளியே பாயும், அப்போது வருகிற உறுமலுக்கு உப்பங்கழியின் அந்தக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அந்த உறுமலுக்காகத்தான் இந்த மாதிரிப் படகையே வாங்குகிறார்கள். பன்னிரண்டு மணிக்குப் பாண்டிச்சேரியிலிருந்து வாங்குகிற பார்ட்டி வருகிறது என்று மானேஜர் கிருபாகரன் காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார். இப்போதும் மரப்பாலத்தின் மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனைக் காதிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, "என்னா மெக்கானிக், சுவிட்சா?" என்று கேட்டார். "பாக்குறேன் சார்" என்றான் இவன். பத்து வாரமாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்ததும், பார்த்துவிடக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்ததும் ஒரே இடம்தான். அந்த இடம் இப்போது அவன் காலுக்குப் பின்னால், எஞ்சின் மூடியின் அடியில், நாலடி தூரத்தில் இருந்தது. அவன் முன்பக்கம் திரும்பி ஃபியூஸ் பெட்டியைத் திறந்தான்.

எதையும் கண்ணுக்கு எட்டுகிற முனையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது தொழில் முறைதான், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஃபியூஸ், அப்புறம் பட்டன், அப்புறம் ஒயர், அப்புறம் மோட்டார், கடைசியில்தான் லிவர். அந்தக் கடைசி வார்த்தை வந்ததும் மனசு கால் இடறினது மாதிரி நின்றது, பிறகு வழக்கம்போல அந்த வெள்ளிக்கிழமைக்குப் போயிற்று. எதிர்க்கரை ரிசார்ட்டில் கல்யாணம். ரெண்டு நாளைக்குப் படகுச் சத்தமே வரக்கூடாது என்று அவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். முதலாளி கை சும்மா இருக்காது, பழக்க தோஷத்தில் பட்டனைத் தட்டிவிடுவார், அதனால் தட்டினாலும் வேலை செய்யாதபடிக்கு ஏதாவது பண்ணுங்கள் என்று கிருபாகரன்தான் கேட்டார். ஃபியூஸைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் அதே ஃபியூஸில்தான் கீழே தேங்குகிற தண்ணீரை இறைக்கிற பம்பும் ஓடுகிறது, அதைப் பிடுங்க மனம் வரவில்லை, லிவரைக் கட்டினால் தட்டும்போது அந்த ஃபியூஸே போகும் என்று அப்போதைய அவசரத்தில் தோன்றவும் இல்லை. கட்டடவேலைக்குக் கம்பி முடைகிற கட்டுக்கம்பி ஒரு முழம் பையில் கிடந்தது. லிவரை அடக்கிப் பிடித்து, பக்கத்திலிருந்த இரும்பு வளையத்தோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டான். ரெண்டு நாளைக்குத்தானே. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை முடிந்து வந்து வெட்டிவிட வேண்டும். வெட்டினானா? வெட்டினான். கட்டிங் பிளேயர் 'டக்' என்று கடித்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. கம்பி முனை கட்டைவிரலில் ஏறியதும், விரலை வாயில் வைத்ததும், ரத்தத்தோடு பெட்ரோல் ருசி வந்ததும் இருக்கிறது. அவ்வளவு சுத்தமாக ஞாபகம் இருக்கிறவன் வெட்டாமல் இருந்திருப்பானா. ஆனால் ஞாபகம் அந்த விரலோடு நின்றுவிடுகிறது, அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. வெட்டிவிட்டு மூடியை மூடினது இல்லை, கேட்டில் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை பேசினது இல்லை. வாட்ச்மேனிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை நான் வந்தேனா என்று. கேட்டால் தெரிந்துவிடும் என்பதால்தான் பத்து வாரமாக அந்த ஆளைப் பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஃபியூஸ் கருகிப் போயிருந்தது. சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் புகை படிந்த மாதிரி ஒரு கறுப்பு. விளக்குக்குத் தனி ஒயர், அதனால் அது மட்டும் எரிகிறது. பட்டன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும், தகடு திரும்பியதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது, கழியில் இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி மேல் படகு ஏறிய அன்றைக்கு முதலாளிக்கும் தெரிந்திருக்காது. அவர் பொய் சொல்லவில்லை. சத்தம் வைத்துத்தான் சார் ஓட்டினேன், விளக்கு எரிந்தது, வேண்டுமானால் பாருங்கள் என்று இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார், போட்டோவும் எடுத்தார்கள். காற்று எதிரே, பாட்டு வேறு ஓடிக்கொண்டிருந்தது, முன்னால் உட்கார்ந்து வேகமாகப் போகிறவனுக்குப் பின்னால் என்ன சத்தம் வருகிறது என்று என்ன தெரியும். அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை சார், இவ்வளவு சத்தத்துக்கும் அப்படியே நின்றது, என்று அவர் சொன்னபோது குரல் உடைந்தது. பாவம், நாற்பது வயசுகூட ஆகாத மனுஷன், அன்றையிலிருந்து தண்ணீர்ப் பக்கமே வரவில்லை, படகை விற்றுவிடு என்று சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் இவனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வண்டி கண்டிஷன்ல இருந்துச்சாப்பா?" "இருந்துது சார்." இரண்டே வார்த்தை. எழுதிக்கொண்டார்கள். அப்போது அவனுக்குக் கம்பியின் நினைப்பே இல்லை என்பது சத்தியம். போலீஸ் ஜீப் போய், பைக்கை எடுத்து, கோவளம் திருப்பத்தில் ஹாரன் அடிக்கிறபோதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. திரும்பிப் போய்ப் பார்த்திருக்கலாம். அதற்குள் படகைக் கொட்டகைக்குள் தள்ளிக் கயிறு கட்டி, சீல் வைத்துவிட்டார்கள். பார்க்க முடியவில்லை என்பதில் அன்றைக்கு ஒரு நிம்மதி இருந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். போன வாரம் கோர்ட்டில் சீலை எடுக்கச் சொல்லிவிட்டார்கள், படகு வந்துவிட்டது, நிம்மதி போய்விட்டது.

புது ஃபியூஸைப் போட்டு எஞ்சினை நிறுத்திவிட்டுப் பட்டனைத் தட்டினான். பின்பக்கம் மூடியின் அடியில் மோட்டார் 'ம்ம்ம்' என்று ஒரு கணம் முக்கியது, வாயைப் பொத்தியவன் கூப்பிடுகிற மாதிரி, அப்புறம் டப்பென்று ஃபியூஸ் போயிற்று. மோட்டாருக்குக் கரண்ட் வருகிறது, மோட்டார் இழுக்கப் பார்க்கிறது, இழுக்க முடியவில்லை. இதற்கு மேல் பட்டனைச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அவன் டெஸ்ட் லேம்ப்பை எடுத்தான், டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தான், லேம்ப் எரிய வேண்டிய இடத்தில் எரிந்தது, எரியக்கூடாத இடத்தில் எரியவில்லை, எல்லாம் அவனே ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இழுத்துக் கட்டிய ஒயர்கள், ஒன்றில்கூடப் பச்சைக் களிம்பு பூக்கவில்லை. இவ்வளவு நல்ல வேலைக்காரன். தகடு தானாகவே இறுகியிருக்கலாமே. பத்து வாரம் கொட்டகையில் நின்ற வண்டி, உப்புக்காற்று, புகைக்கரி, இறுகுவதற்கு என்ன. அப்படி எத்தனை படகில் பார்த்திருக்கிறான். எண்ணெய் விட்டு ரெண்டு தட்டுத் தட்டினால் விட்டுக்கொடுக்கும். கம்பியை அவன் ஞாயிற்றுக்கிழமையே வெட்டிவிட்டான், விபத்து நடந்த அன்றைக்குப் படகு உறுமிக்கொண்டுதான் போயிருக்கிறது, அந்தம்மாவுக்கு ஏனோ கேட்கவில்லை, அல்லது கேட்டும் ஏதோ யோசனையில் நின்றுவிட்டாள். இப்படி நினைக்கும்போது மார்பில் கொஞ்சம் காற்று இறங்கியது, இறங்கின மறுநிமிஷம் வெட்கம் வந்தது, செத்தவள் மேல் பழியைத் தூக்கி வைத்துவிட்டு மூச்சுவிடுகிறோமே என்று. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிப் பூசை. மனைவி ரெஜினா நீலப்புடவை. வெளியே வந்ததும் கறிக்கடையில் நின்றார்கள். அப்போது போன் வந்தது, நீலாங்கரையில் ஒரு படகு, தண்ணீர்ப் பம்பு மாட்டிக்கொண்டது, மீன்பிடிக்கப் போகிற ஆட்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். கறியை ரெஜினா கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். கிளம்பி நேரே நீலாங்கரைக்குப் போனானா, இங்கே ஒரு எட்டு வந்துவிட்டுப் போனானா. ரெஜினாவிடம் ஒருநாள் சும்மா கேட்கிற மாதிரி கேட்டான். "அன்னைக்கு நான் நேராவா போனேன்?" "எனக்கென்ன தெரியும், வண்டிய எடுத்துட்டுப் போனீய" என்றாள். பிறகு வெங்காயம் நறுக்குகிற கத்தியை வைத்துவிட்டு அவனையே கொஞ்சநேரம் பார்த்தாள். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது, ஏதோ ஒன்று என்று. ஏனென்றால் வீட்டில் அவன் சத்தம் போட ஆரம்பித்திருந்தான். செருப்பை இழுத்து இழுத்து நடந்தான். அடுப்படிக்குள் அவள் முதுகைக் காட்டி நின்றால், உள்ளே நுழைவதற்கு முன் ரெண்டு தடவை இருமினான். ஒருநாள் மறந்துபோய் இருமாமல் போய் அவள் பின்னால் நின்றுவிட்டான். அவள் எதையும் உணராமல் புளி கரைத்துக்கொண்டிருந்தாள், கழுத்துக்குக் கீழே ஜாக்கெட் நனைந்திருந்தது, இவ்வளவு பக்கத்தில் வந்தும் ஒரு ஆளுக்குத் தெரியாமல் இருக்க முடியும் என்பதைப் பார்த்துக்கொண்டே நின்றான், அவள் திரும்பி "யம்மா!" என்று அலறியபோது இவன்தான் தரையில் உட்கார்ந்திருந்தான். பைக்கில் போகும்போது ஆள் இல்லாத திருப்பத்திலும் ஹாரன் அடித்தான். உறக்கத்தில் அவனுக்குச் சத்தமே இல்லாத கனவுகள் வந்தன, தண்ணீர் மட்டும் பிளந்துகொண்டு வரும், பிளக்கிறது எது என்று தெரியாது, அவன் கழுத்தளவு தண்ணீரில் குனிந்து நிற்பான், வாயில் எதையோ கடித்திருப்பான், கத்த முடியாது. படகு மோதிச் செத்த பூங்காவனம் அப்படித்தான் நின்றாள். அவளை அவனுக்குத் தெரியும், தெரியும் என்றால் பேசிப் பழக்கமில்லை, கழியில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர் பெண்களில் ஒருத்தி, உயரமானவள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் தள்ளியே நிற்பாள். பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப்பறியை அவர்கள் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், ரெண்டு கையும் சேற்றில் இருக்கும், முகவாய் தண்ணீரைத் தொடும், கண்ணால் எதையும் பார்ப்பதில்லை, விரல்தான் பார்க்கும். அப்படி நிற்கிறவளுக்கு வெளி உலகத்தோடு இருக்கிற ஒரே பிடிமானம் காதுதான். காதை நம்பித்தான் அவர்கள் முதுகைக் காட்டி நிற்கிறார்கள். அந்த ஒன்றைத்தான் ஒரு முழக் கம்பியால் கட்டி வைத்தானா அவன்.

"பதினோரு மணி ஆயிடுச்சு மெக்கானிக்" என்றார் கிருபாகரன் மேலேயிருந்து. இதற்கு மேல் முன்பக்கத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எஞ்சின் மூடியைத் தூக்கினான், சூடு முகத்தில் அடித்தது. முதலில் மோட்டாரை லிவரிலிருந்து கழற்றிவிட்டுப் பட்டனைத் தட்ட வேண்டும், மோட்டார் தனியாகச் சுற்றினால் கோளாறு அதற்கு அப்பால். கையை விட்டு ஊசியைப் பிடுங்கி, புது ஃபியூஸ் போட்டு, தட்டினான். மோட்டார் அழகாகப் போய்வந்தது. நல்லது. இனி லிவர். அது எஞ்சினுக்குப் பின்னால், பின்பலகையை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத மூலையில் இருந்தது. குப்புறப் படுத்து வலது கையை முழங்கைக்கு மேல் விட வேண்டும். படுத்தான். படுத்தபோது வெளிச்சம் வலது தோளுக்கு மேலாக வந்து குழாய்களின் மேல் விழுந்தது, காலை வெயில். அவன் கை பாதி வழியில் நின்றுவிட்டது. ஞாபகத்தில் அந்த 'டக்' சத்தம் வருகிறபோதெல்லாம் வெளிச்சம் இடதுபக்கத்திலிருந்து வரும். பத்து வாரமும் அப்படித்தான் வந்தது, இடது தோளுக்கு மேலாக, மஞ்சளாக, குழாயின் இந்தப் பக்கம் மினுங்கிக்கொண்டு. படகு என்றைக்கும் இதே தூணில் இதே முகமாகத்தான் கட்டியிருக்கும். காலையில் வந்திருந்தால் வெளிச்சம் இப்படித்தான் வலதிலிருந்து வந்திருக்க வேண்டும். இடதுபக்க வெளிச்சம் சாயங்காலத்தினுடையது, வெள்ளிக்கிழமைச் சாயங்காலத்தினுடையது. கம்பியைக் கட்டி முறுக்கி முடித்தபின் மிச்சமாக நீட்டிக்கொண்டிருக்கிற வாலை வெட்டிவிடுவார்கள், குத்தாமல் இருக்க. அந்த 'டக்' அதுதான். விரலில் குத்தியதும் அதுதான். அவிழ்த்ததன் ஞாபகம் என்று இத்தனை நாள் அவன் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது கட்டினதன் ஞாபகம். ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றி அவனிடம் ஒரு ஞாபகமும் இல்லை, ஏனென்றால் அன்றைக்கு அவன் இங்கே வரவே இல்லை. கை தொடுவதற்கு முன்பே இது தெரிந்துவிட்டது. அதனால் கடைசி ஒரு முழத்தைக் கை தானாகவே போயிற்று, லிவரைத் தடவியது, வளையத்தைத் தடவியது, இரண்டையும் சேர்த்து நாலு சுற்று, துருவேறிச் சொரசொரத்து, முறுக்கு அவன் முறுக்குதான், வலமாக முறுக்கி முனையை உள்பக்கம் மடக்கிவிடுவது அவன் வழக்கம், முனை உள்பக்கம்தான் மடங்கியிருந்தது. நாலு சுற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பயம் என்று பத்து வாரமாக எது அவனுக்குள் சுற்றிச் சுற்றி வந்ததோ அது நின்றிருந்தது. அந்த இடத்தில் பயத்தைவிடக் கனமான ஒன்று உட்கார்ந்துகொண்டது. அது அசையவில்லை.

எவ்வளவு நேரம் அப்படிப் படுத்திருந்தான் என்று தெரியவில்லை. கிருபாகரன் படகுக்குள் இறங்கியதில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. "என்னாச்சு, கைய மாட்டிக்கினீங்களா?" என்றார். சூசைமாணிக்கம் கையை வெளியே எடுத்தான், எழுந்திருக்காமலே சொன்னான், "கம்பி இருக்கு சார்." "எந்தக் கம்பி?" "கல்யாணத்துக்கு கட்டுனது." கிருபாகரன் போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அவருக்கு ஞாபகம் வருவதற்கு ஆன நேரமா, அல்லது ஞாபகத்தில் இருந்ததை மறைப்பதற்கு ஆன நேரமா அது என்று இவனால் சொல்ல முடியவில்லை. போனில் டார்ச்சைப் போட்டு, கால்சட்டை முழங்காலில் அழுக்குப் படுவதைக்கூடப் பார்க்காமல் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். எழுந்தார். மரப்பாலத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். "வெட்டுங்க" என்றார். "வெட்டித் தண்ணியில போடுங்க. இங்க ஆழம்தான்." இவன் பிளேயரைப் பையிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்தான். "மெக்கானிக், நான் சொல்றதக் கேளுங்க. கேஸு முடிஞ்சுபோச்சு. சார் எப்படியோ தேறி வந்துகினு இருக்காரு. அந்தக் குடும்பமும் ஒரு மாதிரி செட்டில் ஆயிட்டாங்க. நீங்களா போய்க் கெளறி யாருக்கு என்னா ஆவப்போது? போன உசுரு வந்துருமா?" கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார், முகத்தில் வேர்வை அரும்பியிருந்தது, அவருக்கும் பயம். கட்டச் சொன்னது அவர். அதை நினைத்தபோது அவர் மேல் எரிச்சல் வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. கட்டச் சொன்னவர் வெட்டுகிறவர் இல்லையே, வெட்டவேண்டியது கட்டினவன் வேலை. போனை எடுத்து மூடிக்குள் நீட்டிப் போட்டோ எடுத்தான், முதல் படம் குழம்பியது, இரண்டாவதில் நாலு சுற்றும் தெரிந்தன. "எதுக்கு அது?" என்றார் கிருபாகரன், குரல் மாறியது. "நீங்க வெட்டணும்னா வெட்டிக்கிடுங்க சார். பிளேயர் இங்கனதான் கெடக்கு" என்று சொல்லிவிட்டு அவன் பாலத்தில் ஏறினான். பின்னால் அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டார், இத்தனை வருஷத்தில் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினான். ஆனால் கரைப்பாதையில் வருகிறபோது கன்னியப்பன் தண்ணீரில் நிற்பது தெரிந்தது. பூங்காவனத்தின் புருஷன். பெண்டாட்டி போய்ப் பத்தாம் நாளே அவன் தண்ணீரில் இறங்கிவிட்டான், அவள் நின்ற அதே பக்கம்தான் தினமும் நிற்கிறான், படகுத்துறைக்கு வருகிறபோதெல்லாம் சூசைமாணிக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்யக் கற்றுக்கொண்டிருந்தான். இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். சேறு கணுக்காலை இழுத்தது. முழங்கால், தொடை, இடுப்பு. வேண்டுமென்றே தண்ணீரை அடித்து அடித்துச் சத்தமாக நடந்தான், "கன்னியப்பா, கன்னியப்பா" என்று தூரத்திலிருந்தே கூப்பிட்டுக்கொண்டே போனான். கன்னியப்பன் நிமிர்ந்தான். வாயில் பறி இருந்ததால் பேசாமல் பார்த்தான். கிட்டே வந்ததும் பறியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னா ண்ணா?" என்றான்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சூசைமாணிக்கம் நடுவிலிருந்து ஆரம்பித்தான். படகுக்கு ரெண்டு குரல் இருக்கிறது என்றான். பட்டன் என்றான். விளக்கு வேறு தகடு வேறு என்றான். கன்னியப்பன் ஒன்றும் புரியாமல், ஆனால் தண்ணீருக்குள் இறங்கி வந்து ஒரு ஆள் இவ்வளவு சொல்கிறானே என்பதற்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அன்னிக்கு அந்தப் படகுல சத்தம் வரல, கன்னியப்பா. வரவிடாம நான் கம்பி போட்டுக் கட்டியிருந்தேன். அவுக்க மறந்துட்டேன். இன்னிக்குத்தான் பாத்தேன். அப்படியே இருக்கு."

கன்னியப்பன் கையிலிருந்த பறி தண்ணீரில் சாய்ந்தது. உள்ளேயிருந்த இறால்கள் ஒவ்வொன்றாகத் துள்ளி வெளியே போயின. அவன் கவனிக்கவில்லை. அடிக்கப்போகிறான் என்று சூசைமாணிக்கம் நினைத்தான். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான்.

"சத்தமே வர்லியா?" என்றான் கன்னியப்பன்.

"வரல. தண்ணிக்கு அடியில கொஞ்சமா ஒரு முனகல். அவ்வளவுதான். காத்து வேற அந்தப் பக்கம்."

"வந்திருந்தா அவ திரும்பியிருப்பாளா?"

"திரும்பியிருப்பா."

"நல்லாத் தெரியுமா உனக்கு?"

"செத்தவன்தான் திரும்பாம நிப்பான். அப்படி ஒரு சத்தம் அது. திரும்பியிருப்பா, கன்னியப்பா. ஒதுங்கியிருப்பா."

கன்னியப்பன் அப்படியே கால் மடங்கித் தண்ணீருக்குள் உட்கார்ந்தான், கழுத்துவரை முங்கிற்று, சூசைமாணிக்கம் பயந்து தோளைப் பிடித்தான். பிடித்த கையை அவன் தட்டிவிடவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினான். அன்னிக்கு மத்தியானம் சண்டை. ஒண்ணுமில்லாத சண்டை, சோத்துல கல்லு கெடந்துச்சுன்னு. கைய ஓங்கிட்டேன், அடிக்கல, ஓங்கினேன், பொண்ணு பாத்துகினு இருந்துச்சு. "நான் செத்துத் தொலைறேன், நீ நிம்மதியா இரு"ன்னு சொல்லிட்டு அவ பறிய எடுத்துகினு வந்துட்டா. அப்புறம் ஸ்டேசன்ல அந்த சார் சொன்னாரு, அவ்ளோ சத்தம் வச்சேன், திரும்பியே பாக்கல, அப்படியே நின்னாங்கன்னு. நானும் பொண்ணும் பக்கத்துலதான் நிக்கிறோம். பொண்ணு என்னத் திரும்பிப் பாத்துது. அவ்ளோதான். அதுலேர்ந்து ஒரு வார்த்த பேசல எங்கிட்ட. சோறு ஆக்கி வக்கிது, பேசாது. நானும் என்னான்னு சொல்லுவேன். எனக்கே அப்படித்தான இருந்துச்சு. நின்னுட்டான்னுதான நானும் நெனச்சேன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு முகத்தைத் தண்ணீரில் முக்கி எடுத்தான். எழுந்து நின்றபோது அவன் கண்கள் முதல்முறையாகச் சூசைமாணிக்கத்தின் மேல் நிலைத்தன, அதில் இருந்தது மன்னிப்பு இல்லை, நன்றியும் இல்லை, கோபம் அதற்கான நேரத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"போலீஸ்ல சொல்லுவியா?"

"அங்கதான் போய்க்கிட்டிருந்தேன்."

"மொதல்ல எம்பொண்ணாண்ட சொல்லு. நான் சொன்னா நம்பாது. கட்டினவன் நீ, நீ சொல்லு."

கரையேறி, சவுக்குத் தோப்பைக் கடந்து, ஓலைக்குடிசைகள் இருந்த இடத்துக்குக் கன்னியப்பன் முன்னால் நடந்தான், வேகமாக, ஓட்டமும் நடையுமாக, பின்னால் வருகிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. வாசலில் பதினாறு வயசிருக்கும் ஒரு பெண், உயரமானவள், குடத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நனைந்த துணியோடு ரெண்டு ஆம்பிளைகள் வந்து நிற்பதைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள். அப்பனைப் பார்க்கவில்லை, இவனைப் பார்த்தாள். படகுக்கு ரெண்டு குரல் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்த சூசைமாணிக்கம் அதை விட்டுவிட்டான்.

"ஒங்க அம்மா சாகணும்னு நிக்கலம்மா" என்றான். "அவளுக்குக் கேக்கல. கேக்காததுக்கு நான்தான் காரணம்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பத்து வாரத்துக்கு அப்புறம், முகத்தை மெதுவாக அப்பன் பக்கம் திருப்பினாள்.